அதிகாலை 3:10, பதினோராம் கட்டில்: மருத்துவமனையில் ஒரு முதியவர் விழுந்த நிகழ்வின் ஆய்வு

கொங்குப் பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் பொது வார்டில் நடந்தது இது. அப்போது அங்கே நர்சிங் சூப்பரின்டென்டாக இருந்தேன். நோயாளி, குடும்பத்தார், ஊழியர்கள் யார் பெயரும் இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

வார்டில் முதியவர்கள் விழுவது புதிதல்ல. பெரும்பாலும் சிராய்ப்போடு போய்விடும், கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி முடித்துவிடுவோம். இந்த முறை இடுப்பு எலும்பு உடைந்தது. அதனால்தான் உட்கார்ந்து விசாரித்தோம் என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

பின்னணி

நோயாளிக்கு 76 வயது. 40 வருடம் விசைத்தறி ஓட்டியவர். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. 10 மாதங்களுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்ததால் ரத்தக்கட்டைத் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் தினமும் சாப்பிட்டு வந்தார். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கூட்டி வந்தார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதமாகக் குறைந்திருந்தது. நீர் பிரிய ஊசி போட்டோம். மறுநாளே மூச்சு இறங்கிவிட்டது. புதன் மாலை ஊசியை நிறுத்தி, டார்செமைடு மாத்திரைக்கு மாற்றினார்கள்: காலை 8, இரவு 8. கையில் ஊசிக்கான கேனுலா அப்படியே இருந்தது.

வார்டில் 22 கட்டில். இரவில் இரண்டு நர்ஸ், ஒரு ஆயாம்மா. வார்டு பாய் ஒருவர்தான், அவரும் இரண்டு மாடிகளுக்கும் பொது.

அட்மிஷனில் எழுதியது

விழும் ஆபத்தை அளக்க எங்கள் மருத்துவமனையில் மோர்ஸ் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். 1989-இல் வெளிவந்த அளவுகோல் அது. ஆறு கேள்வி, மொத்தம் 125 மதிப்பெண். 45-க்கு மேல் போனால் அதிக ஆபத்து என்று வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டுவோம்.

இவருக்கு வந்தது 35. வேறு நோய்களும் இருப்பதற்கு 15, கையில் கேனுலா இருப்பதற்கு 20. மற்ற நான்குக்கும் பூஜ்யம். மஞ்சள் பட்டை கட்டவில்லை.

விழுந்த பிறகு அதே ஆறு கேள்வியை மகனிடமும் மருமகளிடமும் நிதானமாகக் கேட்டேன். "இதுக்கு முன்னாடி கீழே விழுந்திருக்காரா?" என்று அட்மிஷனில் கேட்டபோது "இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது கேட்டால், "விழலைங்க, போன மாசம் தண்ணித் தொட்டிகிட்ட தலை சுத்தி அப்படியே உட்கார்ந்துட்டாரு, முட்டி மட்டும் சிராய்ச்சுது" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டில் அதற்கு விழுவது என்று பெயர் இல்லை, அவ்வளவுதான். மோர்ஸ் கணக்கில் அதற்கு 25.

நடை எப்படி என்ற கேள்விக்கு நர்ஸ் 'இயல்பு' என்று குறித்திருந்தார். அப்போது நோயாளி மூச்சிரைப்போடு கட்டிலில் சாய்ந்திருந்தார், ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. அவர் நடந்ததை யாரும் பார்க்கவே இல்லை. வீட்டில் எப்படி நடப்பார் என்று மருமகளைக் கேட்டேன். "செவுத்தப் புடிச்சு, கதவப் புடிச்சு, ஃப்ரிட்ஜப் புடிச்சுத்தான் வருவாருங்க." சாமானைப் பிடித்து நடப்பதற்கு 30, தளர்ந்த நடைக்கு 10.

கூட்டிப் பார்த்தால் 100. காகிதத்தில் 35 என்று போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கிறோம்.

மூன்றாம் இரவு

முதல் இரண்டு இரவும் மகன் கூடவே இருந்தார். அப்பா எழுந்தால் கையைப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போய்விட்டு வந்து படுக்க வைத்துவிடுவார். எங்கள் ஊழியர் யாரும் அதைக் கவனித்ததாகச் சொல்லவில்லை. ஒழுங்காக நடக்கிற காரியம் யார் கண்ணிலும் படாது. புதன் இரவு தூக்கம் வரவில்லை என்று இவர் புலம்ப, டூட்டி டாக்டர் போனிலேயே அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் சொல்லியிருக்கிறார். அது வியாழன் இரவுக்கும் தொடர்ந்தது.

வியாழக்கிழமை மகனுக்கு நைட் ஷிஃப்ட். மருமகள் வந்து படுத்தார். இரவு டியூட்டி ஒப்படைக்கும் தாளில் 'கூட இருப்பவர்: உண்டு' என்ற கட்டத்தில் வழக்கம்போல டிக் விழுந்தது.

இரவு 8 மணிக்கு டார்செமைடு. 9:30-க்கு டாம்சுலோசினும் அல்பிரசோலமும். 10 மணிக்குப் படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 116/70. விளக்குகளை அணைத்தார்கள். மருமகள் கட்டிலுக்கு வலப்பக்கம் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளும் ஏற்றியிருந்தன.

12:20-க்கு ரவுண்ட்ஸ் வந்த நர்ஸ், இவர் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு 23 வயது. "என்னங்கய்யா, பாத்ரூம் போகணுங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல சிஸ்டர், சும்மா உட்கார்ந்திருக்கேன்." படுக்க வைத்து, போர்வையைப் போர்த்தி, கம்பி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். விதிப்படி அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

3:10-க்கு இரும்பு விழும் சத்தம். ஒரு நர்ஸ் பக்கத்து அறையில் நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் 4 மணி ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஓடி வந்து பார்த்தபோது இவர் கட்டிலில் இருந்து நாலைந்து அடி தள்ளி, வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். பக்கத்தில் ட்ரிப் ஸ்டாண்ட் கவிழ்ந்து கிடந்தது. அது அவருடையது அல்ல, 12-ஆம் கட்டிலுடையது. வேட்டி அவிழ்ந்து காலில் சுற்றியிருந்தது. தரையில் சிறுநீர்.

முதல் ஒரு மணி நேரம்

நர்ஸ் வருவதற்குள் மருமகளும் எதிர்க் கட்டில்காரரின் மகனுமாக அக்குளில் கை கொடுத்து இவரைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். "விடுங்க, தூக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்று நர்ஸ் சத்தம் போட்டு நிறுத்தினார். தலைக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைத்தார். பேச்சு தெளிவாக இருந்தது, பெயரும் இடமும் சரியாகச் சொன்னார். தலையில் வெளிக்காயம் இல்லை. ரத்த அழுத்தம் 92/60, சர்க்கரை 148. வலது கால் இடதைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பார்த்ததுமே இடுப்பு என்று தெரிந்துவிட்டது.

டூட்டி டாக்டர் 8 நிமிடத்தில் வந்தார். பலகை ஸ்ட்ரெச்சரில் நான்கு பேராக ஏற்றினார்கள். எக்ஸ்ரேயில் வலது தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. தலையில் அடிபட்டதாக இவர் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு ரத்தக்கட்டு தடுப்பு மாத்திரைகள் சாப்பிடுபவர், விழுந்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எனவே மூளை ஸ்கேனையும் உடனே எடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஸ்கேன் சுத்தமாக இருந்தது. அதோடு விடாமல் முதல் 2 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கு ஒரு தடவை நினைவும் கண் பாவையும் பார்த்துக் குறித்தார்கள். அந்த இரவில் முழுக்கச் சரியாக நடந்தது இந்தப் பகுதிதான்.

குடும்பத்திடம் சொன்னது

காலை 7:30-க்கு மகன் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தார். அதற்கு முன்பே நிர்வாகத்தில் ஒரு பேச்சு நடந்தது. அட்மிஷனின்போது 'நோயாளியைத் தனியே விடமாட்டேன்' என்று உறவினர் கையெழுத்துப் போடும் தாள் ஒன்று எங்களிடம் உண்டு. அதைக் காட்டிப் பேசலாம் என்றார் ஒருவர். சட்டப்படி அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். அந்தத் தாளைக் காட்டிய அடுத்த நிமிடம் அந்த வீட்டில் குற்றவாளி ஆகப்போகிறவர் மருமகள். வராந்தாவில் மாமியார் முறையுள்ள ஒரு அம்மா, "பக்கத்துலயே படுத்துருந்து பாக்கலையா நீயி" என்று ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தார்.

மருத்துவரும் நானும் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னோம். இவர் எழுந்திருப்பார் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நாங்கள் சரியாக அளக்கவில்லை, இன்னும் என்னென்ன தவறியது என்று பார்த்துச் சொல்கிறோம் என்றோம். "உங்க சம்சாரம் தூங்கினது தப்பில்லைங்க, ராத்திரி பார்த்துக்க வேண்டியது எங்க வேலை" என்று மருமகளை வைத்துக்கொண்டே சொன்னேன். மகன் கோபப்பட்டார். கத்தவும் செய்தார். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து ஆபரேஷனுக்கான கையெழுத்துக்கு அவரே வந்து நின்றார். விழுந்ததால் ஆன செலவை மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. இந்த முடிவு எளிதாக வரவில்லை, இரண்டு நாள் இழுத்தது.

விசாரித்தபோது கண்டது

என் கை முதலில் போனது எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். அன்று காலை 9 மணிக்கு இரவு நர்ஸுக்கு ஒரு மெமோ டைப் செய்தேன். 'நோயாளி விழித்திருப்பதைப் பார்த்தும் உரிய கவனம் செலுத்தாதது ஏன்' என்று. அனுப்பும் முன் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். 12:20-க்கு நடந்ததை அவர்தான் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அது யாருக்குமே தெரிந்திருக்காது, எந்தத் தாளிலும் இல்லை. மெமோவைக் கிழித்துப் போட்டேன். அது போயிருந்தால் அடுத்த முறை எந்த நர்ஸும் என்னிடம் எதையும் சொல்லப் போவதில்லை.

அன்று இரவு 3 மணிக்கு நானும் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரும் பிசியோதெரபிஸ்டும் வார்டுக்குப் போனோம். 11-ஆம் கட்டில் காலியாக இருந்தது. விளக்கை ஏற்றாமல் நான் அதில் ஏறிப் படுத்தேன். கம்பி இரண்டு பக்கமும் ஏற்றியிருந்தது.

எழுந்து உட்கார்ந்ததும் தெரிந்தது, கம்பி மெத்தையின் முழு நீளத்துக்கும் இல்லை. கால்மாட்டில் ஒன்றரை அடி இடைவெளி. வெளியேற அது ஒன்றுதான் வழி, பிருஷ்டத்தால் நகர்ந்து நகர்ந்து அங்கே போக வேண்டும். போய்க் காலைத் தொங்கவிட்டால் தரை எட்டவில்லை. மெத்தை மட்டத்தில் இருந்து தரைக்கு 27 அங்குலம், இவர் உயரம் 5 அடி 3 அங்குலம். ஏறி இறங்க வைக்கும் இரும்புப் படி கட்டிலின் வலப்பக்க நடுவில், கம்பிக்கு வெளியே இருந்தது. கால்மாட்டில் இறங்குகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குதிக்கத்தான் வேண்டியிருந்தது. நான் குதித்தேன், எனக்கு அப்போது 48 வயது, முழங்கால் ஒரு நொடி ஆடியது.

இறங்கினால் வலப்பக்கம் மருமகளின் பாய் இருந்த இடம். அதைச் சுற்றிப் போக வேண்டும். பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது 12-ஆம் கட்டிலின் ட்ரிப் ஸ்டாண்ட் மட்டும்தான். அதைப் பிடித்தேன், சக்கரத்தில் ஓடியது. வீட்டில் சுவரையும் கதவையும் ஃப்ரிட்ஜையும் பிடித்து நடக்கும் மனிதர் இருட்டில் இந்த ஸ்டாண்டை நம்பியிருக்கிறார். பாத்ரூம் 14 அடி எடுத்து வைக்கும் தூரம். வாசலில் 2 அங்குலத் திட்டு. விளக்கின் சுவிட்ச் துணி அலமாரிக்குப் பின்னால். அவர் அதுவரை போய்ச் சேரவே இல்லை.

அழைப்பு மணி தலைமாட்டில் இருந்தது, வேலையும் செய்தது. யூரின் கேனும் இருந்தது, கட்டிலுக்கு அடியில், மருமகள் வைத்த கட்டைப் பைக்குப் பின்னால்.

அப்புறம் மருந்து. டார்செமைடு மாத்திரை 6 முதல் 8 மணி நேரம் வேலை செய்யும். இரவு 8 மணிக்குக் கொடுத்தால் விடியும் முன் மூன்று தடவையாவது எழுந்தாக வேண்டும். பகலெல்லாம் காலில் தேங்கிய நீரும் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராக வரும். டாம்சுலோசின் சிலருக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். அல்பிரசோலம் முதியவர் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 16 மணி நேரம் ஆகும், புதன் இரவு மாத்திரையின் மிச்சத்தின் மேல் வியாழன் இரவு மாத்திரை. நாமே எழுப்பிவிட்டு, நாமே தலை சுற்ற வைத்து, நாமே கம்பியும் போட்டு வைத்திருக்கிறோம். மூன்று மருந்தும் மூன்று பேர் எழுதியவை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம்.

நின்ற நிலையில் ரத்த அழுத்தம் ஒரு தடவைகூட எடுத்திருக்கவில்லை. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்பது எல்லாரும் படித்ததுதான். விழுந்த பிறகு எடுத்த 92/60 ஒரு குறிப்பு தருகிறது, ஆனால் அது வலியும் அதிர்ச்சியும் கலந்த நேரத்து அளவு. இவருக்கு நின்றால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று இனி தெரிய வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மட்டும் புரியவில்லை. மணி இருக்கிறது, மருமகள் இரண்டடி தூரத்தில் படுத்திருக்கிறார், நர்ஸ் வந்து வாய்விட்டே கேட்கிறார். ஏன் சொல்லவில்லை?

பதில் எங்கள் கேள்வித்தாளில் வரவில்லை. ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் முகச்சவரம் செய்துவிட்ட வார்டு பாயிடம் இவரே சொன்னது: "மருமகப் பொண்ண எழுப்பி வேட்டியப் புடின்னா சொல்ல முடியும்? அந்த சிஸ்டர் என் பேத்தி வயசு. நீ வந்துருந்தா கேட்டுருப்பேன்." வார்டு பாய் அந்த நேரத்தில் மேல் மாடியில் ஒருவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கூட்டத்தில் வந்த யோசனைகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தன: வார்டில் கேமரா வைப்பது, கம்பியை முழு நீளத்துக்கு மாற்றுவது, 70 வயதுக்கு மேல் எல்லாருக்கும் இரவில் டயப்பர் கட்டுவது. மூன்றையும் வேண்டாம் என்று தள்ளினோம். கேமரா விழுவதைக் காட்டும், தடுக்காது. முழுக் கம்பி போட்டால் எழுந்தே தீருவேன் என்கிறவர் அதன் மேலேறி இன்னும் உயரத்தில் இருந்து விழுவார். டயப்பர் பற்றிக் கொஞ்சம் வாதம் நடந்தது, ஏனென்றால் குடும்பங்களே அதைக் கேட்கின்றன. சுயமாகச் சிறுநீர் கழிக்க முடிகிறவருக்கு அதைக் கட்டினால் தோல் புண்ணாகலாம், நடையும் போய்விடலாம், வீட்டுக்குப் போகும்போது வந்ததைவிட மோசமாகப் போவார். தவிர, இவரைப் போன்ற ஒருவர் அதை அவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார்.

மாற்றியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கேள்விகள். அட்மிஷனில் "விழுந்திருக்கிறாரா" என்பதோடு நிறுத்துவதில்லை. "கடைசியா எப்போ தடுமாறினாரு, தலை சுத்துச்சு?" "வீட்ல எதைப் புடிச்சு நடப்பாரு?" "ராத்திரி எத்தனை தடவை எழுவாரு?" அதோடு, முன்பு யாரும் கேட்காத ஒன்று: "இன்னைக்கு ராத்திரி கூட யாரு? பாத்ரூம் போகணும்னா அவங்ககிட்ட சொல்லுவீங்களா?" இந்தக் கடைசிக் கேள்வியை நோயாளியிடமே, உறவினர் இல்லாதபோது கேட்க வேண்டும். பதில் தினமும் மாறும். அதனால் ஒப்படைக்கும் தாளில் 'உண்டு' என்ற டிக்கை எடுத்துவிட்டு, யார் என்று உறவை எழுதும் கோடு போட்டோம்.

மோர்ஸ் மதிப்பெண்ணை விடவில்லை, தரச்சான்று ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைக் கேட்பார்கள். ஆனால் 65 வயதைத் தாண்டிய எல்லாரையும், மதிப்பெண் என்னவாக இருந்தாலும், விழக்கூடியவர் என்றே நடத்துவது என்று முடிவெடுத்தோம். மருத்துவமனைகளுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2013-இலேயே இதைச் சொல்லிவிட்டது: மருத்துவமனையில் மதிப்பெண் போட்டு ஆளைப் பிரிக்காதீர்கள், 65-க்கு மேல் எல்லாருக்கும் காரணம் தேடுங்கள் என்று. 35 என்ற எண் எங்களை எப்படித் தூங்க வைத்தது என்று பார்த்த பிறகு இதில் எனக்கு மறுப்பு இல்லை.

நீர் பிரியும் மாத்திரையின் இரண்டாம் வேளையை மதியம் 2 மணிக்குக் கொண்டுவந்தோம். இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. இதய மருத்துவர் கேட்டவுடன் சரி என்றார், "இதை ஏன் முன்னாடியே யாரும் சொல்லலை" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லைதான். எட்டுக்கு எட்டு என்பது எங்கள் மருந்து டிராலியின் நேரம், நோயாளியின் நேரம் அல்ல. தூக்க மாத்திரையை 65-க்கு மேற்பட்டவருக்குப் போனில் சொல்லக் கூடாது, நேரில் வந்து மற்ற மருந்துகளைப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்றும் வைத்தோம். முதல் நாளே 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்ற 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் ஒவ்வோர் அளவு எடுக்கச் சொன்னோம். நிற்க முடியாதவரை உட்கார வைத்து எடுப்பது.

கட்டில் விஷயத்தில், சக்கரம் கழற்றிய தாழ்வான கட்டில்கள் ஆறைப் பழைய ஸ்டோரில் இருந்து எடுத்துச் சுவரோரம் போட்டோம். உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிறதா என்பதுதான் அளவு. தலைமாட்டுக் கம்பி மட்டும் ஏற்றுவது, எழும்போது பிடித்துக்கொள்ள உதவும். உறவினர்களுக்கு இது பிடிக்கவில்லை. "ஏன் சிஸ்டர் கம்பிய எறக்கிட்டீங்க" என்று தினம் யாராவது கேட்பார்கள். விளக்கிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பாய் விரிக்க வேண்டிய பக்கம் எது என்று தரையில் பெயிண்டால் கோடு போட்டோம். பாத்ரூம் வரை அடிமட்டத்தில் சிறு விளக்குகள் மாட்டினோம்.

இரவில் 10, 12, 2, 4 மணிக்கு ஆண் ஊழியர் ஒருவர் வந்து கூட்டிப் போவது என்று வைத்தோம். இதில் பேச்சு முக்கியம். "பாத்ரூம் போகணுங்களா?" என்றால் முக்கால்வாசிப் பேர் "வேண்டாம்ப்பா" என்பார்கள், அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று. கேனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, எந்திரிங்க, போயிட்டு வந்து படுத்துக்கலாம்" என்றால் பேசாமல் எழுந்துவிடுகிறார்கள். படுத்தபடி வராது என்கிறவரைக் கட்டிலோரம் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டு, திரையை இழுத்துவிட வேண்டும். வார்டு பாய்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

உறவினர்களுக்கு அட்மிஷனிலேயே ஒரு வாக்கியம்: "விழுந்துட்டா தூக்காதீங்க, எங்களைக் கூப்பிடுங்க."

பின் நடந்தது

இடுப்பு முறிவுக்கு 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது என்பார்கள். எங்களுக்கு 60 மணி ஆனது. இதயம் சீராக வேண்டியிருந்தது. க்ளோபிடோக்ரல் உடம்பில் இருந்ததால் முதுகில் மரப்பு ஊசி போட முடியாது, முழு மயக்கத்துக்கு இந்த இதயம் தாங்குமா என்று மயக்க மருத்துவர் யோசித்தார். முழு மயக்கத்திலேயே இடுப்பு மூட்டில் பாதியை மாற்றினார்கள். பிறகு இரண்டு இரவு குழப்பம்: தறிச் சத்தம் கேட்கிறது, நூல் அறுந்துவிட்டது, போய்ப் பார்க்க வேண்டும் என்று எழப் பார்த்தார். கட்டிப்போடவில்லை, மகன் லீவு போட்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார். மூன்றாம் நாள் தெளிந்தார். 19-ஆம் நாள் வாக்கரோடு வீட்டுக்குப் போனார்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருந்தார். டீக்கடைக்குப் போவது நின்றுவிட்டது. அல்பிரசோலம் இல்லை. நிற்கும்போது ரத்த அழுத்தம் அப்போது எடுத்ததில் மேல் அளவு 24 குறைந்தது. டாம்சுலோசினை மாற்ற சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினோம். மருமகள் என்னிடம் வந்து, மாமா இப்போது இரவில் தன்னை எழுப்புவதில்லை, ஆனால் ஒரு ஸ்டீல் டம்ளரைத் தரையில் தட்டுவார், தான் எழுந்து போய்க் கணவரை எழுப்பிவிடுவதாகச் சொன்னார். இருவருமாக ஏற்படுத்திக்கொண்ட வழி அது.

வார்டில் முதல் சில மாதங்களில் விழுந்ததாகப் பதிவானவை கூடின. நிர்வாகம் பதறியது. முன்பு எழுதாமல் விட்ட 'சும்மா உட்கார்ந்துட்டாரு'களை எல்லாம் இப்போது நர்ஸுகள் எழுதுகிறார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. எலும்பு முறிந்தவர் அந்த வருடம் வேறு யாரும் இல்லை. ஒரு வார்டின் ஒரு வருடத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. பெரிய ஆய்வுகளே ஒத்துப்போவதில்லை. ஆஸ்திரேலியாவில் 24 வார்டுகளில் மதிப்பெண், எச்சரிக்கைப் பலகை, தாழ்ந்த கட்டில் எல்லாம் வைத்துச் செய்து 2016-இல் வெளியான ஆய்வில் விழுவது குறையவில்லை. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் 14 வார்டுகளில் நோயாளியையும் குடும்பத்தையும் உட்கார வைத்து, இவருக்கு எதனால் விழும் ஆபத்து, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று சேர்ந்தே எழுதிக் கட்டிலருகே மாட்டினார்கள். 2020-இல் வந்த அந்த முடிவில் விழுவது 15 சதவீதமும் காயத்தோடு விழுவது 34 சதவீதமும் குறைந்தன. பொருள் எவ்வளவு வாங்கினோம் என்பதைவிட ஆளிடம் பேசினோமா என்பதில்தான் வித்தியாசம் என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன். வேறு மாதிரி படிப்பவர்களும் இருக்கலாம்.

இப்போது செய்வதாக இருந்தால்

விசாரணையில் நோயாளியை முதல் வாரமே கேட்டிருப்பேன். வலியில் இருக்கிறார் என்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தாள்களையே புரட்டிக்கொண்டிருந்தோம். கேட்டிருந்தாலும் என்னிடம் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான். வார்டு பாயை விசாரணைக் குழுவில் சேர்த்திருக்க வேண்டும். ஆயாம்மாவையும்.

இரவு நர்ஸ் 12:20-க்கு வேறு என்ன செய்திருக்கலாம் என்று அவரே ஒருநாள் கேட்டார். நள்ளிரவில் ஒரு முதியவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார் என்று எடுத்துக்கொண்டு, வார்டு பாய்க்குப் போன் போட்டிருக்கலாம். இதை அவர் இப்போது புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

முடியாமல் கிடப்பவை இரண்டு. பாத்ரூம் வாசலின் 2 அங்குலத் திட்டு. உடைத்தால் தண்ணீர் வார்டுக்குள் வரும், சரிவை மாற்ற வேண்டும் என்று என்ஜினியர் சொல்லிவிட்டார், இப்போதைக்கு ஒரு ரப்பர் சரிவுப் பலகை போட்டிருக்கிறோம். இன்னொன்று, இரவில் மாடிக்கு ஒரு வார்டு பாய். கேட்டு எழுதியிருக்கிறோம். 10 மணி, 12 மணி சுற்று ஒழுங்காக நடக்கிறது. 2 மணி, 4 மணிச் சுற்றில் மேல் மாடியில் ஒரு கேஸ் வந்துவிட்டால் அந்தக் கட்டம் தாளில் காலியாகவே இருக்கிறது. காலியாக விடச் சொல்லியிருக்கிறேன், பொய்யாக டிக் போட வேண்டாம் என்று.